ஃபார்முலாவிலிருந்து ஒரு பிள்ளை பசும்பாலுக்கு, இன்னொரு பிள்ளை சோயா பாலுக்கு: எங்கள் அனுபவம்

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருமே ஃபார்முலா, அதாவது தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் பவுடர் பால், குடித்து வளர்ந்தவர்கள். பெரியவள் ஒரு வயதுக்குப் பிறகு பசும்பாலுக்கு மாறினாள். சின்னவனுக்குப் பால் புரத அலர்ஜி, அதனால் அவன் சோயா பாலுக்குப் போனான். பெரியவள் இப்போது பள்ளிக்குப் போகிறாள், சின்னவனும் மூன்று வயதைத் தாண்டிவிட்டான். இரண்டு வழியையும் நிதானமாகப் பார்த்துவிட்டதால் எழுதத் தோன்றியது.

எந்தப் பால் கொடுக்கலாம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதுதான் அதைவிட முக்கியம் என்பேன். ஒரு வயது வரை ஃபார்முலாதான் பிள்ளைக்குப் பெரும்பகுதி சாப்பாடு. அதன்பிறகு சாப்பாட்டோடு கூட வருவதுதான் பால். மாற்றம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

பன்னிரண்டு மாதம் வரை பசும்பாலை முக்கிய பானமாகக் கொடுக்க வேண்டாம் என்று எங்கள் மருத்துவர் சொன்னதற்குக் காரணம் இரும்புச்சத்து. ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்புதான் இருக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 7 மில்லிகிராம் வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. போதாததற்கு, பாலில் உள்ள கால்சியமும் கேசின் என்ற புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பு உடம்பில் சேர்வதையும் குறைக்கின்றன. புரதமும் உப்புகளும் ஃபார்முலாவைவிட அதிகம் என்பதால் கைக்குழந்தையின் சிறுநீரகத்துக்கு அது சுமை. ஃபார்முலாவில் இரும்பைச் சேர்த்தே விற்கிறார்கள். அதை நிறுத்தும்போது அந்த இரும்பு சாப்பாட்டிலிருந்து வந்தாக வேண்டும். ஆகவே பால் மாற்றத்துக்கு முன்பே பருப்பு, முட்டை, இறைச்சி, கீரை என்று சாப்பாட்டைப் பழக்கிவிடுவது நல்லது.

பெரியவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றினோம். முதலில் முக்கால் பங்கு ஃபார்முலா, கால் பங்கு பால். சில நாள் கழித்துப் பாதிக்குப் பாதி, அப்புறம் முழுக்கப் பால். இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபார்முலாவை டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி தண்ணீரில் கரைத்து முடித்த பிறகுதான் பாலோடு சேர்க்க வேண்டும். தண்ணீருக்குப் பதில் பாலிலேயே பவுடரைக் கரைத்தால் அது பிள்ளை தாங்க முடியாத அளவுக்கு அடர்த்தியாகிவிடும்.

மதிய நேரத்துப் பாலை முதலில் மாற்றினோம், தூங்கும் முன் குடிப்பதைக் கடைசிக்கு விட்டோம். பகலில் பசியும் இருக்கும், வேடிக்கை பார்க்கவும் ஏதாவது இருக்கும். தூக்கக் கலக்கத்தில் புது ருசியை எந்தப் பிள்ளையும் ஏற்காது. ஆரம்பத்தில் அவள் ஒரு வாய் உறிஞ்சுவாள், கன்னத்துக்குள் வைத்திருந்து என்னையே பார்ப்பாள், அப்புறம் அப்படியே தாடை வழியாக வழிய விட்டுவிடுவாள். அது பிடிவாதம் இல்லை. ஃபார்முலாவில் 100 மில்லிக்குச் சுமார் 7 கிராம் மாவுச்சத்து, பெரும்பாலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. பசும்பாலில் அது 5 கிராமுக்கும் குறைவு. இனிப்பு குறைந்தது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. சர்க்கரை போட்டால் குடித்துவிடுவாள் என்று பலரும் சொன்னார்கள், நாங்கள் போடவில்லை. ஃபார்முலா போலவே வெதுவெதுப்பாகக் கொடுத்தது மட்டும்தான் நாங்கள் செய்த சலுகை. அதுவே போதுமானதாக இருந்தது.

மாறிய புதிதில் மலம் இறுகியது, நிறமும் வெளுத்தது. தண்ணீரும் பழமும் கூட்டி, பாலைக் கொஞ்சம் குறைத்ததும் சரியாகிவிட்டது.

இனி அளவுக்கு வருகிறேன். 2019இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ, ஊட்டச்சத்து அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையில் 12 முதல் 24 மாதம் வரை ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து மூன்று கப், அதாவது சுமார் 480 முதல் 700 மில்லி முழுக்கொழுப்புப் பால் என்று இருக்கிறது. பிரிட்டனில் 350 முதல் 400 மில்லி போதும் என்கிறார்கள். நாங்கள் 400க்குள் நிறுத்திக்கொண்டோம். "ஏம்மா, பால் குடிக்காம பிள்ளைக்கு எப்படி உடம்பு தேறும்?" என்று அவள் பாட்டிக்கு ஒரே கவலை. பாலில் வயிறு நிறைந்த பிள்ளை தட்டைத் தொடாது, அத்தை, என்று சொல்லிப் பார்த்தேன். பால் குறைந்ததும் பேத்தி தானே தட்டை இழுத்துச் சாப்பிடுவதைப் பார்த்த பிறகுதான் அவர் சமாதானம் ஆனார்.

அளவு கட்டுக்குள் வர எங்களுக்கு அதிகம் உதவியது பாட்டிலை நிறுத்தியதுதான். பாட்டிலில் எவ்வளவு உள்ளே போகிறது என்றே தெரியாது, சும்மா சப்பிக்கொண்டே இருப்பார்கள். கப்பில் கொடுத்தால் தாகம் தீர்ந்ததும் வைத்துவிடுகிறார்கள். 12 முதல் 18 மாதத்துக்குள் பாட்டிலை விடுவது நல்லது. பாட்டிலோடு தூங்கும் பிள்ளைகளுக்குப் பல் சொத்தை வருவதும் இதனால் குறையும்.

ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று தனியாக விற்கும் ஃபார்முலா பவுடர்களை நாங்கள் வாங்கவில்லை. 2023இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலும் தாய்ப்பால் தவிர வேறு பால் குடிக்கும் 12 முதல் 23 மாதப் பிள்ளைகளுக்கு விலங்குப் பாலைத்தான் சொல்கிறது, அந்தப் பவுடர்களைப் பரிந்துரைக்கவில்லை.

சின்னவன் கதை வேறு. முதல் கரண்டி தயிர் உதட்டில் பட்டதும் வாயைச் சுற்றித் தடித்துச் சிவந்தது. பரிசோதனைக்குப் பிறகு, பால் புரதத்தைப் பொடிப்பொடியாகச் சிதைத்துச் செய்யும் ஃபார்முலாவுக்கு மாற்றினார்கள். கசப்பான வாடை அடிக்கும், ஆனால் பழகிக் குடித்தான். ஒரு வயது ஆனதும் அதை உடனே நிறுத்த விடவில்லை. பால் அலர்ஜி உள்ள சில பிள்ளைகளுக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்பதால், மருத்துவர் சொன்ன முறையில் சோயாவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்த பிறகே மாற்றினோம்.

ஏன் சோயா? பசும்பாலில் 100 மில்லிக்கு 3.3 கிராம் அளவு புரதம் இருக்கிறது. சோயா பால் அதற்குப் பக்கத்தில் வருகிறது. ஓட்ஸ் பாலில் ஏறக்குறைய 1 கிராம், பாதாம் பாலில் பெரும்பாலும் அரை கிராம்தான். பேர்தான் பாதாம், உள்ளே பெரும்பகுதி தண்ணீர். அரிசிப் பாலை அதில் இருக்கும் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் காரணமாக ஐந்து வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சொல்கிறார்கள். சோயாவிலும் லேபிளைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சர்க்கரை சேர்க்காததாக இருக்க வேண்டும், கால்சியம் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் அளவு சேர்த்திருக்க வேண்டும். வைட்டமின் டி, பி12, அயோடின் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். சேர்க்கும் கால்சியம் அடியில் தங்கிவிடும். ஒருமுறை காலிப் பாக்கெட்டை வெட்டிப் பார்த்தபோது அடி முழுக்கச் சுண்ணாம்பு மாதிரி ஒரு படலம். காசு கொடுத்து வாங்கிய கால்சியம் அங்கேதான் இருக்கிறது. நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள்.

ஆட்டுப்பால் கொடுங்கள், லாக்டோஸ் இல்லாத பால் கொடுங்கள் என்று அன்பாகச் சொன்னவர்கள் நிறைய. இரண்டுமே இந்த அலர்ஜிக்கு உதவாது. ஆட்டுப்பாலின் புரதம் பசும்பாலினுடையதைப் போன்றதுதான். லாக்டோஸ் என்பது சர்க்கரை. அதை நீக்கினாலும் புரதம் அப்படியே இருக்கும்.

பால் அலர்ஜி பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடுகிறது. சின்னவனுக்கும் மருத்துவர் கண்காணிப்பில், பால் சேர்த்து அதிக நேரம் சுட்ட பண்டங்களிலிருந்து படிப்படியாகத் தொடங்கினோம், ஏனென்றால் அப்படி நன்றாகச் சுடும்போது சில புரதங்கள் உருமாறி அலர்ஜி குறையும். பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கட் இப்போது ஒத்துக்கொள்கிறது, கேக்கும் சாப்பிடுகிறான். அடுத்த படியை எப்போது எடுப்பது என்று அடுத்த பரிசோதனையில் சொல்வார்கள். அதுவரை சோயா பால் தொடர்கிறது, காலையில் ஒரு கப், மாலையில் ஒரு கப்.