கோரஸாகச் சொல்வதா, கேட்டு நிரப்புவதா?

சேலம் அம்மாபேட்டையில் மாலையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறேன். 24 பேர். பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். மற்றவர்கள் கொலுசுப் பட்டறையிலும் தறியிலும் வேலை முடித்து வருகிறவர்கள். கேள்வி வாக்கியத்தைப் பழக்க இரண்டு வழிகளையும் இவர்களிடம் செய்து பார்த்துவிட்டு, இரண்டாவதற்கு மாறிவிட்டேன்.

முதலாவது, சொல்லை மாற்றிச் சொல்லும் பயிற்சி. 'வென் டஸ் த பஸ் லீவ்?' என்று நான் சொல்ல, வகுப்பே திருப்பிச் சொல்லும். 'ட்ரெயின்' என்றால் பஸ்ஸின் இடத்தில் ட்ரெயின் ஏறும். தயாரிப்பு வேண்டியதில்லை, கூச்சப்படுகிறவர்களும் வாய் திறப்பார்கள்.

மற்றது தகவல் இடைவெளிப் பயிற்சி. சேலம்–ஏற்காடு பஸ் நேரங்கள் என்று ஓர் அட்டவணையை நானே எழுதுவேன். ஒருவர் தாளில் விடுபட்ட எட்டு நேரங்கள் எதிரில் இருப்பவர் தாளில் இருக்கும். தாளைக் காட்டக் கூடாது, கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். தகவல், தர்க்கம் (தெரிந்ததிலிருந்து யோசித்துக் கண்டுபிடிப்பது), கருத்து என இடைவெளிப் பணிகளை வகைப்படுத்தியவர் என். எஸ். பிரபு. இலக்கணத்தை நேரடியாகச் சொல்லித்தராமல் பணிகள் வழியே பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்த பெங்களூர்த் திட்டத்தை 1979 முதல் 1984 வரை நடத்திய அவர் தர்க்கத்தையே உயர்வாகக் கருதினார். தகவல் பணியை இலக்கணத்துக்குப் பயன்படுத்துவது என் தேவைக்காக.

என்னை மாற்றியது 'டஸ்' என்ற ஒரே சொல். 'பஸ் எப்போது புறப்படும்?' என்பதில் அதற்கு இணையாக எதுவும் இல்லை. அதனால் நம்மவர் பேச்சில் முதலில் விடுபடுவது அதுதான். கோரஸில் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். கால் மணி நேரம் கழித்து ஒரு பையனைத் தனியாகக் கேட்கச் சொன்னேன். 'வென் த பஸ் லீவ்ஸ்?' என்றான். அவன் மேல் தவறில்லை. அதுவரை அவன் மாற்றியது பெயர்ச்சொல்லை மட்டும். 'டஸ்' நான் போட்டுக்கொடுத்த வாக்கியத்தில் தானாகவே இருந்தது. அட்டவணையை நிரப்பும்போது எட்டு முறையும் அதை அவனே எடுத்து வைக்க வேண்டும். பெஞ்சுகளுக்கிடையே நடந்தால் யார் அதை விழுங்குகிறார்கள் என்பதும் காதில் விழுகிறது.

இதிலும் ஓட்டை உண்டு. 'டஸ்' இல்லாமலே எதிரிலிருப்பவருக்குப் புரிந்துவிடும், பதிலும் கிடைத்துவிடும். அதனால் 'டஸ்' காதில் விழாவிட்டால் பதில் தரக் கூடாது என்று விதி வைத்தேன். அதன் பிறகுதான் முன்னேற்றம் தெரிந்தது. கோரஸை உச்சரிப்புக்காகத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் வைத்திருக்கிறேன்.

குழந்தைகளுக்கு நான் கற்பித்ததில்லை. அவர்களுக்கு எது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். இறந்தகாலக் கேள்விகளை இந்த முறையில் இரண்டு வகுப்புகள்தான் நடத்தியிருக்கிறேன். அங்கே 'டிட் யூ வென்ட்' என்ற தவறு இன்னும் பிடிவாதமாக நிற்கிறது.