"வடை முன்னாடியே விழுந்துடுச்சும்மா!" – ஸ்கிராட்ச் ஜூனியர், ஓர் அம்மாவின் அனுபவம்

நான் 11 வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டர். கணவர் மருந்து விற்பனைப் பிரதிநிதி, பைக்கில் ஊர் சுற்றுகிறவர். வீட்டில் நாள் முழுக்க லேப்டாப் முன்னால் இருப்பது நான்தான். ஆனாலும் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் 'கம்ப்யூட்டர் வேலை' என்று வரைந்த படத்தில், கண்ணாடி போட்ட ஓர் அங்கிள் ஹெட்போனோடு தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அப்போ அம்மா என்ன வேலை பாக்கறேன்?"

"நீ மீட்டிங் பேசுவே."

சுருக்கென்றது. விஞ்ஞானியை வரையச் சொல்லி 4,807 குழந்தைகளிடம் வாங்கிய படங்களைப் பற்றி ஆய்வாளர் டேவிட் சேம்பர்ஸ் 1983-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அதில் பெண் விஞ்ஞானிகள் வெறும் 28. அத்தனையும் சிறுமிகள் வரைந்தவை. என் மகள் அந்த 28-லும் சேரவில்லையே என்றிருந்தது.

அப்புறம்தான் ஸ்கிராட்ச் ஜூனியரை டேப்லெட்டில் இறக்கினேன். கட்டளைக் கட்டைகளை வரிசையாக அடுக்கி, படங்களை நகரவும் பேசவும் வைத்து, குழந்தைகளே கதை செய்யும் கோடிங் ஆப் இது. 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது, 2014-ல் வந்தது, இலவசம். கட்டளைக் கட்டைகளில் சொற்கள் இல்லை, படங்கள்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுக்கு இது பெரிய விஷயம். குரலைப் பதிவு செய்யலாம் என்பதால் எங்கள் வீட்டில் எல்லாம் தமிழிலேயே நடக்கிறது.

பாட்டி வடை சுட்ட கதையைச் செய்தாள். காக்கா, நரி, வடை மூன்றையும் அவளே வரைந்தாள். நரிக்கு அவள் குரல்: "காக்கா காக்கா, ஒரு பாட்டுப் பாடேன்!" கதையை ஓடவைக்கும் பச்சைக் கொடியைத் தொட்டதும், நரி வாயைத் திறக்கும் முன்பே வடை கீழே வந்துவிட்டது. வடைக்குக் காத்திருக்கும் கட்டையைச் சேர்த்து 2 போட்டாள், அப்போதும் விழுந்தது. அந்த எண் நொடிக் கணக்கு இல்லை, நொடியில் பத்தில் ஒரு பங்கு. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. 5, 10 என்று ஏற்றிப் பார்த்து 30-ல் நிறுத்தினாள். வடை சரியான நேரத்தில் விழுந்தபோது அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தார்.

"நானும் ஆபீஸ்ல இதைத்தான் செய்யறேன். வடை எப்போ தப்பா விழுதுன்னு கண்டுபிடிக்கறது" என்றேன். நம்பாமல் பார்த்தாள். இப்போது தினமும் சாயங்காலம், "இன்னிக்கு எத்தனை தப்பு கண்டுபிடிச்சே?" என்று கேட்கிறாள்.

ஆறு வயதிலேயே ஆப் செய்ய வைக்கிறோம் என்று போன் செய்யும் கோடிங் வகுப்புக்காரர்களுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். ஒரு கதைக்கு 4 பக்கம்தான், இந்த வயதுக்கு அது போதும். டேப்லெட் இருந்தால் நல்லது. கையில் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

இப்போது பானையில் கல் போடும் காக்கா. ஒவ்வொரு கல்லுக்கும் தண்ணீர் ஏற வேண்டுமாம். முதல் கல்லிலேயே பானை வழிகிறது. பார்த்துக்கொண்டிருக்கிறோம்.