வீடு மாற்ற வாங்கிய பிளாஸ்டிக் இல்லாத பேக்கிங்: எது உழைத்தது, எது உழைக்கவில்லை

ஆடி பிறப்பதற்குள் குடிபோய்விட வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டதால், ஆனிக் கடைசியில் ஈரோட்டிலிருந்து கோவைக்கு வீடு மாற்றினோம். தூரம் என்று பார்த்தால் 100 கிலோமீட்டர்தான், பெருந்துறை, அவிநாசி என்று நேர் ரோடு. ஆனால் 14 வருடக் குடித்தனம், அதில் கண்ணாடியும் பீங்கானும் எக்கச்சக்கம்.

போன வருடம் கோவையில் தங்கை வீடு மாறியபோது உதவிக்குப் போயிருந்தேன். சாமானெல்லாம் பிரித்து அடுக்கி முடித்தபோது ஹாலில் பபிள் ராப், தெர்மாகோல், ஃபிலிம், பிரவுன் டேப் உருண்டை என்று மூன்று பெரிய மூட்டை கிடந்தது. குப்பை எடுக்க வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இத்தனையும் வெள்ளலூருக்குத்தானுங்க போகும்" என்றார். அந்தக் குப்பைமேட்டின் நாற்றத்தைப் பல வருடமாகச் சுவாசிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரே நாள் உபயோகத்துக்கு வாங்கியது அங்கே போய் வருடக்கணக்கில் கிடக்கப்போகிறது என்பது மனசில் அப்படியே தங்கிவிட்டது. அதனால் எங்கள் முறை வந்தபோது பிளாஸ்டிக் இல்லாமல் கட்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். கொஞ்சம் ஆன்லைனில் வாங்கினேன், கொஞ்சம் நம் ஊர்ப்பக்கத்திலேயே கிடைத்தது. இரண்டையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. 20 அட்டைப்பெட்டி, ஃபைவ் ப்ளை என்று போட்டிருந்ததை வாங்கினேன். ஃபைவ் ப்ளை என்று எழுதியிருந்தால் நம்பிவிடாதீர்கள், விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். தட்டையான காகிதம் மூன்று, நடுவில் நெளிநெளியாக இரண்டு இருக்க வேண்டும். ஒரே ஒரு நெளிவுதான் தெரிகிறது என்றால் அது த்ரீ ப்ளை, துணிக்குப் போதும், பாத்திரத்துக்குப் போதாது. எனக்கு வந்தது சரியாகவே இருந்தது, மேலே மேலே நான்கு அடுக்கியும் நசுங்கவில்லை. புத்தகத்துக்கு மட்டும் சிறிய பெட்டி எடுங்கள், பெரிய பெட்டியில் நிரப்பிவிட்டுப் பிறகு தூக்க முடியாமல் கீழே இழுத்தால் அடிப்பக்கம் பிய்ந்துவிடும். 15 கிலோவுக்கு மேல் நான் எதிலும் போடவில்லை.

பெட்டியில் கவனிக்க வேண்டியது ஈரம். முதல் நாள் இரவு கட்டிவைத்த பெட்டிகளை வெறும் சிமெண்ட் தரையில் வைத்துவிட்டோம், காலையில் அடியில் இருந்த இரண்டு பெட்டி தொய்ந்திருந்தது. அப்புறம் பலகை போட்டு அதன் மேல் வைத்தோம். கோவையில் இறக்கும்போது சாரல் வேறு, அந்த மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி இருக்கும் என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்கும் வாசலுக்கும் நடுவில் தார்ப்பாய் பிடித்துத்தான் இறக்கினோம். தார்ப்பாயும் பிளாஸ்டிக்தான், ஆனால் எங்கள் வீட்டுத் தார்ப்பாய் கல்யாணத்துக்கும் களத்துக்குமாகப் பல வருடமாக உழைக்கிறது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அடுத்தது ஹனிகூம்ப் பேப்பர். வாங்கியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பார்க்க சாதாரண பழுப்புக் காகித ரோல், ஆனால் முழுக்கச் சின்னச் சின்னக் கீறல் போட்டிருக்கும். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் கீறல்கள் விரிந்து தேன்கூடு மாதிரி ஆறு பக்கக் கட்டங்களாக எழுந்து நிற்கும். அந்த எழுந்து நிற்கிற விளிம்புகள்தான் மெத்தை. ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று போடும்போது விளிம்புகள் ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டுக்கொள்ளும், அதனால் டேப்பே தேவையில்லை. இழுக்காமல் அப்படியே சுற்றினால் வெறும் காகிதம் சுற்றிய மாதிரிதான், ஒரு பாதுகாப்பும் இல்லை. முதல் பத்து டம்ளரை நான் அப்படித்தான் சுற்றியிருந்தேன், மகள் வீடியோ பார்த்துச் சொன்ன பிறகு எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சுற்றினேன். ஒருவர் ரோலைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இழுத்துச் சுற்றினால் வேலை வேகமாக நடக்கிறது, தனியாகச் செய்தால் தோள் வலிக்கிறது. இழுக்கும்போது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீள்கிறது, அதனால் ரோலின் நீளத்தைப் பார்த்துக் குறைவு என்று பயப்பட வேண்டாம். கண்ணாடி டம்ளருக்கு இரண்டு சுற்று, பீங்கான் தட்டுக்கு மூன்று சுற்று, தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கினோம். 36 டம்ளர், இரண்டு டின்னர் செட், ஒரு கண்ணாடி மீன் தொட்டி. ஒன்றுகூட உடையவில்லை. செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டி ஒவ்வொன்றையும் கழுவ வேண்டியிருக்கும், இதில் அதுவும் இல்லை, எடுத்து நேராக அலமாரியில் வைத்துவிட்டேன்.

பேப்பர் கம் டேப் பாதி திருப்தி. தண்ணீர் தொட்டு ஒட்டுகிற வகை. ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து அதன் மேல் ஒரு இழுப்பு இழுத்து ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தி அரை நிமிடம் விட வேண்டும். ஒட்டிவிட்டால் அட்டையோடு அட்டையாகிவிடும், பிரவுன் டேப் மாதிரி வெயிலில் ஓரம் தூக்காது. ஆனால் தண்ணீர் அதிகமானால் பசை கரைந்து போய் ஒட்டவே ஒட்டாது, இந்த அளவு பழக எனக்கு அரை ரோல் வீணாயிற்று. இன்னொன்று, இதைக் கையால் உரித்தால் அட்டையும் சேர்ந்து கிழியும். பெட்டியை மறுபடி உபயோகிக்க நினைத்தால் பிளேடால் மூட்டில் அறுத்துத்தான் திறக்க வேண்டும். அப்படியே பழைய பேப்பர் கடைக்குப் போட்டாலும் டேப்பும் காகிதம்தான், பிரிக்க வேண்டிய வேலை இல்லை.

சோள மாவில் செய்த துண்டுகள் ஒரு மூட்டை வாங்கியிருந்தேன், தெர்மாகோல் துண்டுக்குப் பதிலாகப் பெட்டியின் இடுக்குகளில் போடுவது. வந்ததும் இரண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் கரைந்துவிட்டது, ஆக அது மாவுதான், தெர்மாகோல் இல்லை. எடையே இல்லை, அடைப்பதற்கு வசதி. ஆனால் மாவு என்பதால் மூட்டையைத் திறந்து வைத்த மூன்றாம் நாள் எறும்பு வந்துவிட்டது. மளிகைச் சாமான் பக்கத்திலோ சமையலறையிலோ வைக்கவே கூடாது. ஈரக் காற்றில் பிசுபிசுக்கவும் செய்கிறது. அடுத்த முறை வாங்க மாட்டேன்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றம் தந்த பொருள், "மக்கும் பபிள் ராப்" என்று பச்சை இலை படம் போட்டு விற்றது. தொட்டால் சாதாரண பபிள் ராப்தான். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பதற்கு ஐ.எஸ். 17088 என்ற தரம் இருக்கிறது, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் வேண்டும். கவரில் இரண்டும் இல்லை. விற்றவரிடம் இரண்டு முறை கேட்டேன், "எக்கோ ஃப்ரெண்ட்லி மேடம்" என்று மட்டும் பதில் வந்தது. உண்மையான சான்று உள்ளதுகூட சூடேறும் பெரிய உரக்கிடங்கில்தான் மக்கும், நம் வீட்டுத் தென்னை மரத்தடியில் புதைத்தால் அப்படியே கிடக்க வாய்ப்பு அதிகம். இன்னும் சிலவற்றில் பிளாஸ்டிக்கோடு ஒரு ரசாயனம் கலந்திருக்கும், வெயிலில் உதிர்ந்து பொடியாகும், மக்கியது போலத் தெரியும், ஆனால் பொடியானதும் பிளாஸ்டிக்தான். நல்லது செய்ய நினைக்கிறவர்களின் காசை இப்படி வாங்குவது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். இலை படத்தை நம்பாதீர்கள், எண்ணைக் கேளுங்கள்.

அதை அனுப்பிவிட்டு வேறு என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் திருப்பூர் ஞாபகம் வந்தது. பனியன் வேஸ்ட். கட்டிங்கில் விழும் துண்டுத் துணி, லேத் பட்டறைகளில் கை துடைக்க மூட்டை மூட்டையாக வாங்குவார்கள். கிலோ 70 ரூபாய்க்கு வெள்ளை வேஸ்ட் 8 கிலோ வாங்கி வந்தோம். கலர் வேஸ்ட் விலை குறைவு, ஆனால் ஈரம் பட்டால் சாயம் இறங்கலாம் என்று வெள்ளையே எடுத்தேன். இதற்கு இணை எதுவும் இல்லை. பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறது, டம்ளருக்குள் திணிக்கலாம், பூஜைச் சாமான், மிக்ஸி ஜார், கண்ணாடி போட்ட படங்கள் எல்லாவற்றின் நடுவிலும் செருகலாம். வீடு போய்ச் சேர்ந்த பிறகு எதையும் எறியவில்லை, கைப்பிடித் துணி, அடுப்பு துடைக்க, வண்டி துடைக்க என்று இன்னும் ஒரு வருடத்துக்கு இருக்கிறது.

அத்தையின் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் நார். மூன்றும் பெரிய பீங்கான் ஜாடி, அத்தைக்கு அவர் மாமியார் கொடுத்தது. "காயிதத்துல சுத்துனா தாங்காது கண்ணு, அந்தக் காலத்துல வைக்கோல் போட்டுத்தான் கொண்டு வந்தோம்" என்றார். வைக்கோல் கிடைக்கவில்லை, சொந்தக்காரர் ஒருவர் நார் மில்லிலிருந்து ஒரு சிப்பம் கொண்டு வந்து கொடுத்தார். சாக்குக்குள் அடியில் ஒரு சாண் நார், அதன் மேல் துணி சுற்றிய ஜாடி, சுற்றிலும் மறுபடி நார் இறுக்கி, வாயைத் தைத்துவிட்டோம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தார். நாரில் தூசி உண்டு, வெளியில் வைத்து உதறிவிட்டுத்தான் உபயோகிக்க வேண்டும், தும்மல் பிரச்சினை இருப்பவர்கள் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். நார்க்கழிவைத் தப்பித் தவறியும் வாங்கிவிடாதீர்கள், அது செடிக்குப் போடுவது, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மூன்று ஜாடியும் பத்திரமாக வந்தது. நார் இப்போது மாடித் தொட்டிகளில் மூடாக்காகக் கிடக்கிறது.

சாக்கு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஈரோட்டில் பழைய சாக்கு என்றால் பாதிக்கு மேல் மஞ்சள் மூட்டை கட்டியது. ஆட்டுக்கல், மண்வெட்டி, ஸ்பேனர் எல்லாம் அதில் கட்டலாம், துணியும் தலையணையும் கட்டினால் கறை போகவே போகாது.

வண்டிக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் ஃபிலிம் வேண்டாம் என்று போனிலேயே சொல்லிப் பேசி முடித்திருந்தோம், சரி என்றார்கள். காலையில் வந்த லோடுமேன்கள் இறங்கியதும் ஃபிலிம் ரோலைத்தான் எடுத்தார்கள். "சுத்தலீன்னா பீரோல கோடு விழுமுங்க அக்கா, அப்புறம் எங்களைத்தான் கேப்பீங்க" என்றார் ஒரு தம்பி. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, கோடு விழுந்தால் அவர் கூலியில்தான் பிடிப்பார்கள். அதனால் வாக்குவாதம் செய்யாமல் பழைய பவானி ஜமக்காளம் இரண்டையும் நான்கு சென்னிமலைப் போர்வையையும் எடுத்துக் கொடுத்தேன். பீரோவுக்கு ஜமக்காளம் சுற்றி நூல் கயிறு கட்டியதும் அவர்களே, "இது ஃபிலிமைவிட கெட்டியா இருக்குதுங்க்கா" என்றார்கள். சோபாவுக்கு மட்டும் சாரலுக்குப் பயந்து ஃபிலிம் சுற்றவேண்டியதாயிற்று. ஆக முழுக்க பிளாஸ்டிக் இல்லாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பை, தட்டு, டம்ளரெல்லாம் தடையில் இருக்கிறது, நாம் எல்லோரும் மஞ்சப்பையோடு கடைக்குப் போகப் பழகிவிட்டோம். வீடு மாற்றும் கம்பெனிகளும் துணி உறையைத் தாங்களே கொண்டு வந்து திரும்ப எடுத்துப் போகும் வழக்கத்தை வைத்தால் எவ்வளவோ குறையும், கூடுதலாக ஐந்நூறு ரூபாய் கேட்டாலும் நான் கொடுப்பேன்.

செலவு என்று பார்த்தால், திருப்பி அனுப்பிய பபிள் ராப் போக ஆன்லைனில் வாங்கியது 3,900 ரூபாய், பனியன் வேஸ்ட்டும் சாக்கும் சேர்த்து 740. தங்கை அவள் வீட்டுக்கு பபிள் ராப்பும் தெர்மாகோலும் வாங்கியதைவிடக் கொஞ்சம் அதிகம்தான். சோளத் துண்டையும் வீணான டேப்பையும் கழித்தால் ஏறக்குறைய சமமாக வந்திருக்கும்.

பால் காய்ச்சும் பாத்திரமும் விளக்கும் இருந்த பெட்டியைக் கடைசியாக ஏற்றி முதலில் இறக்கினோம், அதற்கு மட்டும் டேப் ஒட்டாமல் கயிறு போட்டிருந்தேன், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். 20 பெட்டியில் 14 நல்ல நிலையில் இருக்கிறது. மாடி வீட்டுக்காரர்கள் ஆவணியில் திருப்பூருக்குக் குடிபோகிறார்கள், அவர்களுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஹனிகூம்ப் பேப்பர் பாதிக்கு மேல் நசுங்கிவிட்டது, மறுபடி கண்ணாடிக்குச் சுற்ற நம்பிக்கை இல்லை, அதை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.