கியூப்எம்எக்ஸ் எழுதித் தரும் நிரலை எந்த அளவுக்கு உறையவைப்பது? மூன்று வழிகளின் ஒப்பீடு

எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலரை (சாதனத்தை இயக்கும் சிறு கணினிச் சிப்பை) கொண்டு ஒரு சாதனத்தை உருவாக்குவோர் பலர் எஸ்டிஎம்32கியூப்எம்எக்ஸ் மென்பொருளில் தொடங்குகிறார்கள். சிப்பின் எந்தப் பின்னுக்கு (இணைப்புக் காலுக்கு) என்ன வேலை, கடிகாரம் எத்தனை மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும் என்பதையெல்லாம் திரையில் தேர்ந்தெடுத்தால், அவை ஐஓசி என்னும் உரைக்கோப்பில் பதிவாகி, அதிலிருந்து சி நிரல் உருவாகிறது. அந்த நிரலை அதன்பின் எப்படிப் பராமரிப்பது என்பதில் மூன்று வழிகள் உள்ளன: ஒவ்வொரு பில்டின்போதும் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும்போதும்) புதிதாக உருவாக்குவது, உருவாக்கியதைக் கிட்டில் (நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவியில்) கமிட் செய்துவைத்து, வேண்டும்போது மட்டும் மீண்டும் உருவாக்குவது, ஒரு கட்டத்தில் ஐஓசியைக் கைவிட்டு, நிரலை நாமே எழுதியதுபோல் வைத்துக்கொள்வது.

முதல் வழி கோட்பாட்டளவில் மிகத் தூய்மையானது. மூலம் ஒன்றே இருப்பதால் அமைவும் நிரலும் முரண்பட இடமே இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் இதேபோன்ற கருவியான சிஸ்கான்ஃபிக் பில்டின் ஒரு படியாகவே ஓடுகிறது. செஃபிர் இயங்குதளமும் டிவைஸ்ட்ரீ (வன்பொருள் விவரம்), கேகான்ஃபிக் (மென்பொருள் தேர்வுகள்) கோப்புகளிலிருந்து தேவையான ஹெடர்களை (சி அறிவிப்புக் கோப்புகளை) பில்ட் கோப்புறைக்குள் ஒவ்வொரு முறையும் உருவாக்கிக்கொள்கிறது. அந்தக் கருவிகளோடு பணிபுரிவோர் உருவான கோப்புகளை உறையவைப்பது (மாறாமல் நிறுத்திவைப்பது) பற்றி யோசிக்கவே தேவையில்லை, கருவியின் பதிப்பை உறையவைத்தால் போதும். கியூப்எம்எக்ஸையும் கட்டளை வரியிலிருந்து இயக்க முடியும் என்றாலும், அதன் அடிப்படை வேறு. நம் நிரலை ‘யூசர் கோட் பிகின்’, ‘யூசர் கோட் எண்ட்’ என்ற குறிப்புவரிகளுக்கு இடையே எழுதச் சொல்லி, மறுபடி உருவாக்கும்போது பழைய கோப்பைப் படித்து அப்பகுதிகளை மட்டும் காப்பாற்றித் தருவதால், அதற்கு உள்ளீடு ஐஓசி மட்டுமல்ல, முந்தைய வெளியீடும்தான். இப்படிப்பட்ட கருவியைப் பில்டுக்குள் வைப்பது வேண்டாத வேலை என்றே கருதுகிறேன்.

இரண்டாவது வழிதான் பரவலானது, அதிகம் கெட்டுப்போவதும் அதுதான். ஐஓசியும் நிரலும் சேர்ந்தே கமிட் ஆனாலும், அவற்றை உருவாக்கிய கியூப்எம்எக்ஸின் பதிப்பு ஒவ்வொருவர் கணினியிலும் வேறாக இருக்கலாம். ஐஓசியில் அந்தப் பதிப்பும் ஃபர்ம்வேர் தொகுப்பின் (சிப்புக்கான நூலகங்களின்) பதிப்பும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் புதிய பதிப்பில் திறந்தவுடன் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கும் பெட்டிக்குச் சம்மதித்துவிட்டால், ஒரு பின்னை மட்டும் மாற்ற வந்தவரின் கமிட்டில், வன்பொருளை இயக்கும் எச்ஏஎல் நூலகமே மாறிப்போயிருக்கும். சில பதிப்புகளில், டிஎம்ஏவை (செயலியின் உதவியின்றித் தரவை நகர்த்தும் பகுதியை) தயார்செய்யும் செயற்கூறு, அதைப் பயன்படுத்தும் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) போன்றவற்றின் செயற்கூறுக்குப் பின்னால் அழைக்கப்பட்டதைப் பலரும் சந்தித்திருக்கிறார்கள். டிஎம்ஏவுக்கான கடிகாரம் இயங்கும் முன்பே அதன் ரெஜிஸ்டர்களில் (அமைவு நினைவிடங்களில்) எழுதப்படுவதால் அந்த எழுத்துகள் பதிவாவதில்லை. கம்பைலர் எச்சரிப்பதில்லை, தரவு மட்டும் வந்து சேராது. இது டிஃப்பில் (இரு பதிப்புகளின் வேறுபாட்டுப் பட்டியலில்) இடம் மாறிய ஒரே ஒரு வரியாகத்தான் தெரியும், பில்ட் விதிகள் அடங்கிய மேக்ஃபைலின் தலைப்பில் ஒவ்வொரு முறையும் மாறும் தேதி போன்ற பயனற்ற மாற்றங்களுக்கு நடுவே அதைக் கவனிக்கத் தவறுவது எளிது.

ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்போர் கருவியின் பதிப்பையும் தொகுப்பின் பதிப்பையும் எழுதி நிலைநிறுத்த வேண்டும். மறு உருவாக்கத்தைத் தனிக் கமிட்டாக, வேறு எந்த மாற்றமும் கலக்காமல் செய்ய வேண்டும். பயன்பாட்டு நிரலை வேறு கோப்புகளில் வைத்து, குறிப்புவரிகளுக்கு இடையே ஓர் அழைப்பை மட்டும் விட வேண்டும். குறிப்புவரிகளுக்கு வெளியே கைவைத்தவரின் திருத்தம் அடுத்த உருவாக்கத்தில் சத்தமில்லாமல் அழிந்துவிடும் என்பதால், ஐஓசி மாறாமல் உருவான கோப்பு மட்டும் மாறியிருந்தால் அதைச் சுட்டிக்காட்டும் ஒரு சிறு சோதனையைச் சர்வரில் வைப்பதும் நல்லது.

மூன்றாவது வழி முழு உறைவு. நிரலின் ஒவ்வொரு வரிக்கும் நாமே பொறுப்பு என்பதால் ஆய்வும் சோதனையும் ஒருமுறை செய்தால் அப்படியே நிலைத்திருக்கும். வாகன மென்பொருளுக்கான ஐஎஸ்ஓ 26262 போன்ற தரநிலைகளில், கருவி செய்யும் பிழையைப் பிற்பாடு நடக்கும் ஆய்வு பிடித்துவிடும் என்று காட்ட முடிந்தால், கருவியின் நம்பகத்தை நிறுவும் சுமை குறையும். அந்த வாதத்துக்கு மாறாத வெளியீடு வசதியானது. இழப்பது கருவியின் சரிபார்ப்பை. எஸ்டிஎம்32எஃப்407இல் 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலிலிருந்து 168 மெகாஹெர்ட்ஸ் பெற பிஎல்எல் என்னும், கடிகார வேகத்தை உயர்த்தும் சுற்றை எம் 8, என் 336, பி 2 என்று (8ஆல் வகுத்து, 336ஆல் பெருக்கி, 2ஆல் வகுக்குமாறு) அமைப்பது வழக்கம். போர்டில் கிரிஸ்டல் 25 மெகாஹெர்ட்ஸாக மாறினால், எம்மை 25 ஆக்குவது எல்லோருக்கும் நினைவிருக்கும். வேறொரு ஹெடரில் இருக்கும், கிரிஸ்டலின் வேகத்தைக் குறிக்கும் எச்எஸ்இ_வேல்யூ மாறிலியைத் திருத்துவது மறந்துபோகும். சிப் 168இல் ஓட, எச்ஏஎல் அதை 53.76 என்று கணக்கிட்டு, 115200 பாட் (தரவு வேக அலகு) கேட்ட யூஆர்ட் என்னும் தொடர்வரிசைத் தொடர்பை ஏறத்தாழ 360000இல் ஓடவிடும். கியூப்எம்எக்ஸில் கிரிஸ்டல் மதிப்பை ஓரிடத்தில் மாற்றினால் அந்த மாறிலியும் சேர்ந்தே மாறியிருக்கும். எச்ஏஎல்லில் வரும் பிழைத்திருத்தங்களையும் இனி நாமே தேடிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது இதைவிடப் பெரிய செலவு.

எனவே போர்டின் வரைபடம் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் வரை இரண்டாவது வழியும், உற்பத்திக்குப் போகும் போர்டு முடிவானபின் மூன்றாவதும் பொருத்தமானவை என்பது என் தீர்ப்பு. ஒரே போர்டை வைத்துப் பல வகைச் சாதனங்களை ஆண்டுக்கணக்கில் வெளியிடும் குழுவுக்கு மட்டும் இது பொருந்தாது, அவர்கள் இரண்டாவதிலேயே நிற்பது நல்லது. முழுமையாக உறையவைப்பவர்கள் அதே நாளில் நிரலிலுள்ள குறிப்புவரிகளை நீக்கி, ஐஓசி கோப்பை ஆவணக் கோப்புறைக்கு மாற்றிவிட வேண்டும். ஐஓசி பழைய இடத்திலேயே கிடந்தால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அதைத் திறந்து ‘ஜெனரேட் கோட்’ பொத்தானை அழுத்திவிடுவார்.