பொங்கலுக்கு ஊருக்கு: ரயில் முன்பதிவா, கிளம்பும்போது பஸ்ஸா?

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்துவிட்டேன்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. அதற்கு முன் 120 நாள். ஜனவரி 13 பயணத்துக்கு நவம்பர் 14 காலை 8 மணிக்கே போனும் கையுமாக உட்கார வேண்டும். கொஞ்சம் அசந்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான். கிடைத்துவிட்டாலோ, அம்மா காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வருவார். முதுகுவலிக்காரரை ராத்திரி முழுக்க உட்காரவைத்துக் கூட்டிப்போக எனக்கு மனசு வராது.

லீவு எப்போது கிடைக்கும் என்றே தெரியாதவர்களுக்கு பஸ்தான் கைகொடுக்கும். கிளாம்பாக்கத்தில் சிறப்புப் பேருந்துகள் நிற்கும். பையைத் தூக்கிக்கொண்டு போய் ஏறிவிடலாம். என்ன, ஒருமுறை செங்கல்பட்டைத் தாண்டவே இரண்டு மணி நேரம் ஆனது. தூங்கிய பையனின் தலையைத் தாங்கித் தாங்கி என் கை மரத்துப்போனது.

தட்கல், அதாவது கடைசி நேர ரயில் முன்பதிவு, இரண்டுக்கும் நடுவழி மாதிரி தெரியும். முந்தின நாள் காலை ஏசிக்கு 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். பண்டிகைக்கு அதை நம்பாதீர்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணமும் திரும்பாது.

அம்மா வந்தால் ரயில்தான். லீவு உறுதியாகாவிட்டாலும் டிக்கெட் போட்டுவிடுவேன். முன்கூட்டியே ரத்து செய்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுகிறார்கள். நான் தனியாகப் போவதென்றால், திரும்பிவர மட்டும் ரயில். வேலைக்குத் திரும்பும் நாள் மாறாது, கிளம்பும் நாள்தான் மாறிக்கொண்டே இருக்கும்.