தனுஷ்கோடியில் ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

நான் பினாங்குக்காரன். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர், அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. வேலையை விட்டுவிட்டு முதுகில் ஒரு பையோடு நான் கிளம்பியபோது, ராமநாதபுரம் கரையில் பத்து நாள் சும்மா கிடக்க வேண்டும் என்பதுதான் ஒரே திட்டம். கிடந்தேன், ரொம்ப சுகமாகவே. நடுவில் ஒரு ராத்திரிதான் நாசமாய்ப் போனது.

ரீல்ஸில் பார்த்தேன்: வெள்ளை மணல், கூடாரம், உள்ளே மஞ்சள் விளக்கு, பின்னால் அந்த இடிந்த தேவாலயம். தனுஷ்கோடியில் இரண்டு ராத்திரி, 9,000 ரூபாய். மதுரையில் இருக்கும் சித்தப்பா மகனைக் கெஞ்சி, பாதிப் பணத்தை ஜிபேயில் போடவைத்தேன். சொன்ன நேரத்துக்கு ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டுக்கு வேன் வந்தது. பாஸ்போர்ட்டைக்கூட கேட்கவில்லை, பரவாயில்லையே, தொல்லை இல்லாத ஆட்கள் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேயே விழித்திருக்க வேண்டும்.

பகலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1964 டிசம்பர் புயல் வாரிக்கொண்டு போன ஊர், மிச்சம் இருப்பது சுவர்கள்தான். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா அலையடித்துக்கொண்டே இருக்கிறது, இந்தப் பக்கம் பாக் நீரிணை குளம் மாதிரிக் கிடக்கிறது. ஆண் கடல், பெண் கடல் என்கிறார்கள். ஓலைக் கொட்டகையில் மீன் பொரித்துக் கொடுத்த அக்கா, மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, தண்ணீரில் உப்பே கரிக்கவில்லை! மணலில் மல்லாந்து படுத்து, பத்து வருடம் எதற்காக ஓடினோம் என்று யோசித்தேன், பதில் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

எழுந்ததும் அக்காவிடம் இன்றைக்கு இங்கேதான் தங்கப்போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "யாரு தம்பி சொன்னது? பொழுது சாஞ்சா போலீஸ்காரக வந்து எல்லாரையும் கெளப்பி விட்ருவாக."

அப்படியேதான் நடந்தது. பெர்மிஷன் பிரச்சினை, இன்றைக்கு மட்டும் வேறு இடம் என்று சொல்லி வேனில் ஏற்றி, தங்கச்சிமடம் பக்கம் கருவாடு காயப்போடும் களத்துக்குப் பின்னால், சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே இறக்கிவிட்டார்கள். ஜிப் அறுந்த கூடாரம், கக்கூஸ் கிடையாது, நாற்றத்தைச் சொல்லவே வேண்டாம். என் பை வேனுக்குள். மீதி 4,500ஐக் கொடுத்தால்தான் பை. மறுநாள் தீவில் இறக்கிப் பவளப்பாறை காட்டுகிறோம் என்று அதற்கு மேல் 1,500 வேறு கேட்டார்கள், அதையும் கொடுத்தேன், ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. விடிந்ததும் வேனும் இல்லை, போனும் சுவிட்ச் ஆஃப்.

அப்புறம் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜுக்குப் போனால், பாஸ்போர்ட், விசா நகல், போட்டோ எல்லாம் கேட்டார்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசாங்கத்திடம் பதிய வேண்டுமாம். பாஸ்போர்ட்டே கேட்காதவன் எப்படிப்பட்டவன் என்று அப்போதுதான் உறைத்தது. தீவு விஷயமும் அப்படித்தான்: ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள அந்த 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவில் இருக்கின்றன, வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைத்தால் மாட்டுவது நாம்தான். படகில்தான் போக வேண்டும் என்றால் இதே ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு அலையாத்திக் காட்டுக்குப் போங்கள், வனத்துறையே விடுகிறது.

சித்தப்பா மகன் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் செய்து புகார் கொடுத்திருக்கிறான். ஆனால் ஜிபேயில் போன 4,500க்குத்தான் ஆதாரம் இருக்கிறது, கையில் கொடுத்த 6,000க்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நேற்று பார்த்தேன், அதே நம்பரில் புது ரீல்ஸ், அதே மஞ்சள் விளக்கு, விலை மட்டும் 11,000 ஆகிவிட்டது.