ஆத்தங்குடிக் கல்: கெடுவது பட்டறையில் அல்ல, பதிக்கும்போது

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் செய்யும் தரைக்கல் சூளை ஏறுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் தகர அச்சு. பூவுக்கு ஒரு அறை, இலைக்கு ஒரு அறை என ஆக்ஸைடு நிறப்பொடி கலந்த சிமென்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றி அச்சை உருவிவிடுவார்கள். மேலே உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, ஈரக் கலவை போட்டு அமுக்குவார்கள். தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறிக் காய்ந்தபின் கண்ணாடி கழன்று வரும். மினுமினுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.

வாங்கும்போது கல்லின் ஓரத்தைப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் நிறம், கீழே சாம்பல் நிறச் சிமென்ட் இருந்தால் அசல். வழவழவென்று அச்சிட்ட படம் என்றால் செராமிக்; பெயர் மட்டும் ஆத்தங்குடி. நாலு கல்லை அடுக்கினால் கோடுகள் கொஞ்சம் முன்பின் இருக்கும். அது குறை இல்லை, கை வேலை.

10 அங்குலக் கல் 100 சதுர அடிக்கு 144 ஆகும், 158 வாங்குங்கள். அடுத்த வார்ப்பில் அதே சிவப்பு கிடைக்காது.

பெரும்பாலும் கெடுப்பது கொத்தனாரின் பழக்கம்தான். கனம் கல்லுக்குக் கல் மாறுவதால் மெல்லிய பசையில் ஒட்டினால் மட்டம் வராது. கனமான கலவைப் படுகை வேண்டும். மேலே சிந்திய சிமென்டை அப்போதே துடைக்க வேண்டும். காய்ந்தபின் ஆசிட் ஊற்றினால் கறையோடு நிறமும் போய்விடும், கல்லே சிமென்ட் ஆயிற்றே! பாலிஷ் மெஷினும் கூடாது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் மாதக்கணக்கில் வெள்ளை பூக்கும். பெயின்ட், வயரிங் எல்லாம் முடிந்தபிறகே கல்லைப் பதியுங்கள்.

கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் இதற்கு முழு மதிப்பெண் தரலாம். ஈரத் துணியும் எப்போதாவது துளி தேங்காய் எண்ணெயும் போதும். நடக்க நடக்க மெருகேறும். அடுப்படிக்கு வேண்டாம்: எலுமிச்சை, புளி, மஞ்சள் மூன்றும் தடம் விடும்.

பழைய வீட்டில் பத்துக் கல் உடைந்ததற்காகத் தரை முழுவதையும் பெயர்ப்பவர்கள் உண்டு. தேவையில்லை. மாதிரி கொடுத்தால் அதே அச்சு அடித்து வார்த்துத் தரும் பட்டறைகள் இருக்கின்றன. முழுக் கல்லாக எடுத்துப் போங்கள். உடைந்த துண்டில் மூலைப் பூவின் அளவு பிடிபடாது.